கடைசியாகப் பிரித்த பை

தொண்ணூறுகளின் பிற்பாதியில் நடந்தது இது. கோவை காந்திபுரத்திலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் ஒரு மில் பகுதி வரும். அங்கே இருந்த சின்னத் தபால் நிலையத்தில் நான் எழுத்தராக இருந்தேன். வயது இருபத்தாறு. சங்கத்தில் சேர்ந்த சூடு இன்னும் ஆறியிருக்கவில்லை. மைக் கிடைத்தால் விடமாட்டேன், கிடைக்காவிட்டாலும் விடமாட்டேன்.

அந்தச் சமயத்தில் தபால் ஊழியர் வேலைநிறுத்தம் வந்தது. முக்கியக் கோரிக்கை எங்களைப் போன்ற நிரந்தர ஊழியர்களுக்கானதுகூட இல்லை. ‘இலாகா அல்லாத ஊழியர்’ என்று ஒரு பெயரை வைத்து, காலமெல்லாம் வேலை வாங்கிக்கொண்டு, சொற்பச் சம்பளம் கொடுத்து, ஓய்வூதியம் இல்லாமல் அனுப்பிவிடுவார்களே, அவர்களுக்கானது. எங்கள் அலுவலகத்திலும் அப்படி ஒருவர் இருந்தார். பதினெட்டு வருடமாகச் சைக்கிளில் கடிதம் கொடுத்துக்கொண்டிருந்தவர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், ஆனாலும் என்னை ‘சார்’ என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு தபால் கார்டைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஆகும் செலவு அதன் விலையைவிடப் பல மடங்கு, இதில் சம்பளத்தை எப்படி ஏற்றுவது என்று அரசுத் தரப்பில் கேட்டார்கள். “கார்டு விலையைக் குறைச்சு வெச்சது நீங்க. அந்த நஷ்டத்தை எங்க ஆளுக முதுகுல ஏனுங்க ஏத்தறீங்க?” என்று நான் அலுவலக கேட்டுக்கு வெளியே நின்று தொண்டை கிழியக் கத்துவேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அதில் மாற்றமில்லை.

வேலைநிறுத்தத்தின் மூன்றாம் நாள் ஒரு பெண் வந்தார். பக்கத்து மில்லில் வேலை செய்பவர், லைன் வீட்டில் குடியிருப்பவர். முகம் தெரியும். வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டவர் என்றும், பிறந்த வீட்டோடு ஐந்து வருடமாகப் போக்குவரத்து இல்லை என்றும் தபால்காரர் சொல்லியிருந்தார்.

“ஏனுங்க, என்ற பேருக்கு லெட்டர் ஏதாச்சும் வந்து கெடக்குதுங்களா? கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. தம்பி எழுதறேன்னு ஆளு மூலமாச் சொல்லியுட்டிருந்தானுங்க.”

தம்பிக்குப் பெருந்துறைப் பக்கம் அடுத்த வெள்ளிக்கிழமை கல்யாணமாம். எங்கள் ஊர்க் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையோடு உடன்பிறந்தவளைச் சேர்த்து நிறுத்திச் செய்வது. சொந்த அக்கா இருக்கும்போது ஒன்றுவிட்ட அக்காவை நிறுத்தினால், ‘இவள் எங்கள் வீட்டுப் பெண்ணே இல்லை’ என்று சபையில் சொன்ன மாதிரி. தம்பி கூப்பிட்டால் போவது, கூப்பிடாவிட்டால் அந்த உறவு அதோடு முடிந்தது. அந்தப் பெண்ணுக்கு அவ்வளவுதான் விஷயம். அழைப்பில்லாமல் போய் நின்று அப்பா கையால் அவமானப்பட அவர் தயாராக இல்லை.

தபால்காரர் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: “ஸ்ட்ரைக்குக்கு மொத நாள் வந்த பை அப்படியே கெடக்குதுங்க சார். அந்த அம்மணிக்கு மட்டும் பாத்துக் குடுத்துறலாமுங்க.”

எனக்குக் கோபம் வந்தது. யாருக்காகப் போராடுகிறோமோ அவரே வந்து பையைப் பிரிக்கலாம் என்கிறாரே! “ஒரு பையைப் பிரிச்சா எல்லாப் பையையும் பிரிச்ச மாதிரிங்க” என்று அவரை அடக்கினேன். அதோடு விட்டேனா? அந்தப் பெண்ணைப் பார்த்து, “அத்தனை அவசரம்னா தம்பியைக் கூரியர்ல அனுப்பச் சொல்லுங்க. ரூபா அதிகம் வாங்குவான், கூப்புட்டுக் கையில குடுப்பான்” என்று நக்கல் வேறு. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. “சரிங்க, முடிஞ்சதும் வாரேனுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த புதன்கிழமை காலை வேலைக்குத் திரும்பினோம். பேச்சுவார்த்தையில் ஒரு குழு அமைப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார்கள். உள்ளே போனால் பைகள் ஆளுயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. இந்த மாதிரி சமயத்தில் வேலைக்கு ஒரு வரிசை உண்டு. பதிவுத் தபாலும் மணியார்டரும் முதலில், பிறகு சாதாரணக் கடிதங்கள். ‘புக் போஸ்ட்’ கடைசி. ஒட்டாத உறையில், குறைந்த கட்டணத்தில் போகிற அச்சிட்ட சமாச்சாரங்கள்தான் புக் போஸ்ட். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கம்பெனி விளம்பரம் எல்லாம் அதில்தான் வரும்.

வியாழக்கிழமை மதியம் அந்தப் பெண் வந்தார். மில்லில் அரை நாள் லீவு போட்டிருந்தார். தலைக்குக் குளித்து, பூ வைத்து, கையில் ஒரு துணிப்பையோடு வந்திருந்தார். கடிதம் இருந்தால் நேரே பஸ் ஏறிவிடுகிற ஏற்பாடு என்று பார்த்தவுடனே தெரிந்தது. முன்பு பேசிய பேச்சு எனக்கே உறுத்திக்கொண்டிருந்ததால், கடிதக் கட்டுகளை எல்லாம் மேஜையில் கொட்டி ஒவ்வொன்றாகத் தேடினேன். இரண்டு தடவை தேடினேன். இல்லை.

“நல்லாப் பாத்துட்டீங்களா?”

“ரெண்டு வாட்டி பாத்துட்டனுங்க. எழுதியிருந்தா வந்திருக்குமுங்க.”

எவ்வளவு சுலபமாகச் சொன்னேன்! நாலு கட்டு கடிதத்தைப் புரட்டிய பெருமையில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்ட மாதிரி இருந்தது. அவர் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்த வழியே போனார். பஸ் நிறுத்தம் எதிர்ப்பக்கம் இருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. தம்பிக்குக் கல்யாண நாள். பத்து மணிக்கு அவர் வந்து ஓர் இன்லேண்டு கடிதம் வாங்கினார். பசை டப்பா வைத்திருக்கும் மேஜையில் நின்றபடியே எழுதி, ஒட்டி, ஜன்னலுக்குள் நீட்டினார். முகம் வீங்கியிருந்தது. வாங்கி, முத்திரை குத்தி, பெருந்துறைக்குப் போகும் கட்டோடு சேர்த்தேன். வேலைநிறுத்தம் முடிந்த பிறகு ஒரு விசித்திரம் உண்டு. பழைய தபால் தேங்கிக் கிடக்கும்; அன்றன்றைய தபால் அன்றன்றைக்கே பறந்துவிடும்.

திங்கட்கிழமைதான் புக் போஸ்ட் பையைப் பிரித்தோம். முனைகளில் மஞ்சள் தடவிய உறைகளாகக் கொட்டின. பாதிக்கு மேல் முகூர்த்தம் முடிந்தவை. “மொய் மிச்சமாச்சுன்னு சந்தோசப்படுவாங்க” என்று நான் வேடிக்கை பேசிக்கொண்டே வேலை செய்தேன். புக் போஸ்ட்டுக்குள் கையால் கடிதம் எழுதி வைக்கக்கூடாது என்பது விதி. எழுதியிருந்தால் கடிதக் கட்டணம் போட்டு, குறைகிற தொகைக்கு இரட்டிப்பாகப் பெறுபவரிடம் வசூலிக்க வேண்டும். இதைக் கண்டுபிடிப்பதில் நான் கில்லாடி. உறையைப் பிதுக்கிப் பார்த்தாலே மை தெரிந்துவிடும்.

அப்படி ஒன்று அகப்பட்டது. பத்திரிகையின் ஓரத்தில் நீல மையில் நாலு வரி. ‘மாட்டினாயா!’ என்று உறை மேல் அபராத முத்திரையைக் குத்தி, தொகையையும் எழுதிவிட்டேன். அதற்குப் பிறகுதான் முகவரியைப் பார்த்தேன்.

அந்தப் பெண்ணின் பெயர். பத்திரிகையைப் பிரித்துப் படித்தேன். ‘அக்கா, அப்பா போஸ்ட் பண்ணச் சொன்ன பத்திரிகைக் கட்டில் அவருக்குத் தெரியாமல் உன்னுடையதையும் சேர்த்துப் போடுகிறேன். நீ வந்தால்தான் இணைச்சீர். மண்டபத்து வாசலில் நானே நிற்பேன். மாமாவையும் கூட்டிக்கொண்டு வா.’ முன்பக்கத்து முத்திரையில், கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் முந்தைய தேதி. வியாழக்கிழமை நான் கடிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது இந்தப் பை என் காலுக்குக் கீழேதான் கிடந்தது. நான் அதன் மேல் ஒரு காலை வைத்துக்கொண்டுதான் தேடியிருக்கிறேன்.

தபால்காரர் எட்டிப் பார்த்தார். சைக்கிள் சாவியை மட்டும் எடுத்து என் கையில் கொடுத்தார்.

லைன் வீட்டு வாசலில் அந்தப் பெண் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். ஷிப்டு முடிந்து வந்த நேரம். நான் நீட்டியதை வாங்கி நின்றபடியே படித்தார். படித்து முடித்ததும் கத்துவார், அழுவார், என் சட்டையைப் பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் உறையைத் திருப்பி முத்திரையைப் பார்த்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, “இதுக்கு எவ்வளவுங்க கட்டோணும்?” என்றார். தொகையைச் சொன்னேன். சில்லறையை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் படியில் உட்கார்ந்தார்.

“நா வெள்ளிக்கிழமை குடுத்தனே ஒரு லெட்டரு, அது போயிருக்குமுங்களா?”

“போயிருக்குமுங்க. சனிக்கிழமையே கெடச்சிருக்கும்.”

“அய்யோ” என்று வாயைப் பொத்திக்கொண்டார். “இனி எனக்குத் தம்பியே இல்லை, நான் செத்தாலும் வராதேன்னு எழுதிப்போட்டனுங்க.”

பத்து நாள் ஒரு கடிதத்தைக் கூட நகர்த்தாமல் இருந்துவிட்டு, இதை மட்டும் ஒரே நாளில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறோம்! அதுவும் என் கையால் முத்திரை குத்தி.

“நீங்க வந்து சொன்னாத்தானுங்க அவன் நம்புவான்” என்றார். அவர் மறுபடி என்னிடம் கேட்ட உதவி அது ஒன்றுதான். அன்று மாலையே காந்திபுரம் வந்து இருவரும் பஸ் ஏறினோம். வழி நெடுக அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

தம்பி பெருந்துறையில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருந்தார். புது மாப்பிள்ளை, கழுத்தில் மைனர் செயின், கையில் கிரீஸ். அக்காவைப் பார்த்ததும் எழுந்தார், ஆனால் வாசலைத் தாண்டி வரவில்லை. சட்டைப் பையிலிருந்து இன்லேண்டு கடிதத்தை எடுத்து மேஜை மேல் வைத்தார். எத்தனை தடவை பிரித்து மடித்தாரோ, மடிப்பு கிழிந்திருந்தது. நான் அதன் பக்கத்தில் அந்த மஞ்சள் உறையை வைத்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். கூரியர் நக்கலைக்கூட மறைக்கவில்லை.

“வாசல்லயே நின்னேன் அக்கா” என்றார் அவர். “சீருக்கு நேரமாச்சுன்னு கூப்புட்டுக்கிட்டே இருந்தாங்க. இன்னொரு பஸ் பாக்கலாம், இன்னொரு பஸ் பாக்கலாம்னு நின்னேன். நீ என்னை வேண்டாம்னு ஒதுக்கிட்டீன்னு நெனச்சுத்தான் பெரியப்பா மகளை நிறுத்தச் சம்மதிச்சுப்போட்டேன்.”

அக்கா ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் அழுதார்கள். கடைக்கு முன்னால் பஸ்ஸும் லாரியும் போய்க்கொண்டிருந்தன. உறவு பிழைத்துவிட்டது, அந்த மட்டும் எனக்கு உயிர் வந்தது. ஆனால் இணைச்சீர் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை. அந்த இடத்தில் வேறொருத்தி நின்று முடிந்துவிட்டது. கல்யாண போட்டோவில் அந்த அக்கா எந்தக் காலத்திலும் இருக்கப்போவதில்லை.

என்னை ஓர் அடி அடித்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அந்தத் தம்பி முகத்தைத் துடைத்துக்கொண்டு, எனக்கு ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டு, எதிர்க் கடையில் டீ சொன்னார். டீ வந்ததும் என் கையில் கொடுத்துவிட்டு, கொஞ்சம்கூடக் குத்தல் இல்லாமல், வீட்டுக்கு வந்தவரை விசாரிக்கிற மாதிரி கேட்டார்:

“உங்க ஸ்ட்ரைக்கு என்னங்க ஆச்சு? செயிச்சுட்டீங்களா?”

அதன் பிறகு இன்னும் சில வேலைநிறுத்தங்களில் நின்றிருக்கிறேன், கத்தியிருக்கிறேன், சம்பளத்தை இழந்திருக்கிறேன். எதற்கும் வருத்தமில்லை. ஆனால் நியாயம் நம் பக்கம் இருக்கிறது என்ற தைரியத்தில் எதிரே கைகட்டி நிற்பவரிடம் அலட்சியமாகப் பேசிவிட்டால், அதற்குப் பிறகு எதை ஜெயித்தாலும் வாய் திறந்து சொல்லிக்கொள்ள முடியாது என்பதை அந்த டீயைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோதே தெரிந்துகொண்டேன்.