மாரித்தாய் பேசிய இரண்டு பாஷைகள்

மாரித்தாய்க்குத் தமிழைத் தவிர இரண்டு பாஷைகள் தெரியும். ஒன்றுக்காக அவளை எஸ்டேட் பங்களாவில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். இன்னொன்றுக்காகப் போலீஸ் ஸ்டேஷனில் ஒரு பகல் முழுக்க நிற்க வைத்தார்கள். நடுவில் ஒரு மாதம்கூட இல்லை.

அவள் ரங்கூனில் பிறந்தவள். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். சிறு வயதிலேயே ஒரு குஜராத்தி ஜவுளி வியாபாரி வீட்டில் வேலைக்குச் சேர்ந்தாள். அந்தப் பாஷை அவளுக்குச் சுலபமாக வந்தது. 'ஹூ ச்சா பீவு ச்சு' என்றால் 'நான் டீ குடிக்கிறேன்.' தமிழ் போலவே வினை கடைசியில் வந்து நிற்கும். நாற்காலி, பெட்டி எல்லாம் அதில் பெண்பால் என்பதுதான் கொஞ்ச நாள் குழப்பியது.

பின்தெருவில் தச்சு வேலை செய்த ஆ சிங் என்ற சீனனைக் கட்டிக்கொண்ட பிறகு கான்டனீஸ் கற்றாள். அது லேசில் பிடிபடவில்லை. அவன் 'ஙோ யாம் ச்சா' என்பான். நான், குடி, டீ. டீக்கு மட்டும் இரண்டு வீட்டிலும் ஒரே பெயர், வேறெதுவும் ஒட்டாது. வாங்குவதும் 'மாய்', விற்பதும் 'மாய்'. குரலை அடியிலிருந்து மேலே இழுத்தால் வாங்குவது, அடியிலேயே சமமாக நிறுத்தினால் விற்பது. மீன் வாங்கப் போய், மீன் விற்க வந்திருக்கிறேன் என்று சொல்லித் தெருவே சிரித்திருக்கிறது. அவன், அவள், அது எல்லாவற்றுக்கும் அங்கே ஒரே சொல்தான். குஜராத்தியில் நாற்காலிகூடப் பெண் என்று அவள் சொன்னபோது, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து எழுந்து அதனிடம் மன்னிப்புக் கேட்டானாம் ஆ சிங்.

அவன் காய்ச்சலில் இறந்தான். அடுத்த வருஷம், 1964இல், பர்மா அரசாங்கம் கடைகளை எடுத்துக்கொண்டது. இந்தியர்கள் கப்பல் ஏறினார்கள். மாரித்தாய் ஆறு வயது மகளோடு மூணாறு தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில், அண்ணன் பெரியமுத்துவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். மகளுக்குத் தகப்பன் வைத்த பெயர் மேய்லான். பள்ளிக்கூடத்தில் சின்னத்தாயி என்று எழுதினார்கள். அம்மாவும் மகளும் தங்களுக்குள் கான்டனீஸ்தான் பேசினார்கள். லயத்தில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

1971 நவம்பரில் கொச்சியிலிருந்து ஒரு குஜராத்தித் தேயிலை வியாபாரி மனைவியோடு எஸ்டேட் பங்களாவில் வந்து தங்கினார். அந்த அம்மாவுக்குக் குஜராத்தி தவிர வேறொன்றும் தெரியாது. பேக்டரியில் தேயிலைத் தூள் சலித்துக்கொண்டிருந்த மாரித்தாயை ஹெட்கிளார்க் இன்னாசிராஜ் தானே கூட்டிக்கொண்டு போனார். அந்த அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "நம்ம மாரித்தாய்க்கு என்ன ஒரு திறமை பாருங்க" என்று இன்னாசிராஜ் மேனேஜரிடம் பெருமையாகச் சொன்னார்.

டிசம்பரில் பாகிஸ்தானோடு சண்டை மூண்டது. சீனா எந்தப் பக்கம் என்று டீக்கடையில் எல்லாரும் பேசினார்கள். ஒரு காலையில் போலீஸ் வந்து தாயையும் மகளையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனது.

ஸ்டேஷனில் கேட்பதற்கு ஒன்றுமில்லை என்று அவர்களுக்கே கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிட்டது. அப்போதும் விடவில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளையை நடுவில் நிறுத்தினார்கள்.

"எடி கொச்சே, சீன பாஷையில ஏதாவது பற. கேக்கட்டே" என்றார் ஒரு போலீஸ்காரர் மலையாளம் கலந்து, ஏதாவது பேசு, கேட்போம் என்று.

பயந்துபோன பிள்ளை, வீட்டுக்குப் போகணும் என்று கான்டனீஸில் சொன்னது. போலீஸ்காரர்கள் சிரித்தார்கள். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள். பக்கத்து அறையில் இருந்தவனையும் கூப்பிட்டு, மறுபடி சொல்லச் சொன்னார்கள். பிள்ளை அழுதுகொண்டே சொன்னது. அழுகையோடு கேட்க இன்னும் வேடிக்கையாக இருந்தது அவர்களுக்கு.

மாரித்தாய் மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "போதும். எம் புள்ள குரங்கு இல்ல."

சாயங்காலம் விட்டார்கள். வாசலில் ஒரு கான்ஸ்டபிள், உங்களைப் பற்றி எழுதிக் கொடுத்தது உங்கள் ஹெட்கிளார்க்தான் என்று சாதாரணமாகச் சொன்னான்.

மறுநாள் அவள் நேராக ஆபீசுக்குப் போனாள்.

"ஐயா, நீங்கதான் எழுதிக் குடுத்தீகளா?"

"சண்டை நடக்குது மாரித்தாய். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னையில்ல கேப்பாக" என்றார் இன்னாசிராஜ்.

"பங்களாவுல நான் பேசுனது உங்களுக்குப் புரிஞ்சுதா?"

"அது குஜராத்தி. நம்ம நாட்டுப் பாஷை."

"புரிஞ்சுதான்னு கேட்டேன்."

"புரியல."

"எம் மகளோட பேசுறது?"

"அதுவுந்தான் புரியல. அதுக்கு என்ன இப்ப?"

"புரியாத ரெண்டுல ஒண்ணுக்கு நாற்காலி போட்டீக. ஒண்ணுக்குப் போலீஸக் கூப்பிட்டீக. எம் புருஷன் மேசை நாற்காலி செஞ்ச ஆளு. எந்த நாட்டு மேலயும் சண்டைக்குப் போகல. அவரு விட்டுட்டுப் போன சொத்து அந்தப் பாஷை ஒண்ணுதான்."

அந்த வாரமே பேக்டரியிலிருந்து அவளைக் களைவெட்டுக்கு மாற்றினார்கள். மழையிலும் அட்டைக்கடியிலும் அவள் கோபம் தணியவில்லை. அடுத்த வருஷம் வியாபாரியின் மனைவி மறுபடி வந்து அவளைக் கேட்டபோது, இன்னாசிராஜ் லயத்துக்கே வந்தார். "அந்த அம்மா மேல எனக்கு வருத்தமில்ல. ஒங்க கூட நடந்து வரமாட்டேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். அந்த அம்மா அன்று மாலை ஜீப்பில் லயத்துக்கு வந்து, சாக்கில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனாள்.

அவளை உள்ளுக்குள் வேகவைத்தது வேறொன்று. சின்னத்தாயி கான்டனீஸ் பேசுவதை நிறுத்திவிட்டாள். அம்மா அதில் கேட்பாள், மகள் தமிழில் பதில் சொல்வாள். ஒரு மனுஷனும் மனுஷியும் பேசிச் சிரித்த பாஷையை, ஒரு பிள்ளையின் வாய்க்குள்ளேயே பூட்டிவிட்டார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் மாரித்தாய்க்குக் களைக்கொத்து மண்ணில் ஒரு விரற்கடை அதிகமாக இறங்கும்.

1977இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாயும் மகளும் மூணாறு பஜாரில் சாமான் வாங்கிக்கொண்டிருந்தார்கள். சின்னத்தாயி அப்போது கொழுந்து எடுக்கும் வேலையில் இருந்தாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற இன்னாசிராஜ் பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு கடை வாசலில் கூட்டாளிகளோடு நின்றார்.

"இந்தப் புள்ளைக்கு ஒரு பாஷை தெரியும். கேட்டா வயிறு புண்ணாயிரும். எங்கே தாயி, கொஞ்சம் பேசு."

சின்னத்தாயி பையைக் கீழே வைத்தாள். அவர் முகத்துக்கு நேராகக் கான்டனீஸில் பேசினாள். மெதுவாகத் தொடங்கி, கடைக்காரன் தராசை விட்டுவிட்டு எட்டிப் பார்க்கும் அளவுக்குக் குரல் ஏறியது. ஆறு வருஷம் பேசாத வாய், ஓர் இடத்திலும் தடுமாறவில்லை. முடித்துவிட்டுத் தமிழில் சொன்னாள்:

"ஒங்க பேரன ஸ்டேஷன்ல நிறுத்தி, எங்க அழு பாப்போம்னு போலீஸ் சிரிச்சா ஒங்களுக்கு எப்படி இருக்கும்னு கேட்டேன். இப்பச் சிரிங்க."

யாரும் சிரிக்கவில்லை. இன்னாசிராஜ் பேரனைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார். மன்னிப்பு என்ற சொல் அன்றும் அவர் வாயில் வரவில்லை, பிறகும் வரவில்லை. மாரித்தாய் அதை மறக்கவும் இல்லை.

ஜீப் நிற்கும் இடம்வரை அம்மாவும் மகளும் கான்டனீஸில் பேசிக்கொண்டே போனார்கள். மண்ணெண்ணெய் வாங்க மறந்ததற்கு ஒருத்தியை ஒருத்தி திட்டிக்கொண்டு, பஜார் முழுக்கக் கேட்கும்படி.