மாமாவின் நெற்றி

குருநகர் உதைபந்தாட்டத்தில் மாமாவின் காலைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். தலையைப் பற்றித்தான் பேசுவார்கள். பந்து உயர்ந்து வந்தால் கண் மூடாமல் எழும்பி நெற்றியால் அடிப்பார். கோல்.

அவர் அம்மாவின் தம்பி. ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால் என்னை யாருடைய பிள்ளை என்று தெரியாதவர் போலப் பார்ப்பார். "நீர் ஆற்றை பிள்ளை?" என்பார். "மாதாவின்ரை" என்று சொல்லிக் கையை உயர்த்துவேன். தூக்கிச் சுற்றுவார். ஒவ்வொரு ஞாயிறும் இதுதான்.

கொழும்பில் இருந்து ஒருவர் வந்து, காசுக்குக் குத்துச்சண்டை போட மாமாவைக் கேட்டார். உதைபந்தாட்டத்துக்கு வரும் கூட்டம் இதற்கும் வரும் என்பது அவர் கணக்கு. முதல் சண்டையை வென்றால்தான் தொடர்ந்து எடுப்பார்களாம். மாமா ஓம் என்றார். அம்மா அவரோடு கதைப்பதை விட்டுவிட்டார்.

பழக்க வந்தவர் ஒன்றையே சொன்னார். குத்து வந்தால் தலையை விலத்த வேண்டும். அதற்காகச் சின்னப் பிள்ளைகளான எங்களை ரெனிஸ் பந்து எறியச் சொன்னார். மாமா விலத்துவார், விலத்துவார், பிறகு ஒன்றை நெற்றியால் திருப்பி அடிப்பார். நாங்கள் கைதட்டுவோம்.

"உது பந்தில்லைத் தம்பி" என்றார் பழக்குபவர். அவர் சிரிக்கவில்லை.

சண்டை நகரத்தில் ஒரு மண்டபத்தில். பாதிப் பேர் எங்கள் ஆட்கள். அம்மாவும் வந்தார். முதல் சுற்றில் மாமா நன்றாகத்தான் விலத்தினார். இரண்டாம் சுற்றில் மற்றவனுடைய கை வந்தது. மாமா அதைக் கண்டார். பின்னுக்குப் போகவில்லை. குதிக்கால் எழும்ப, கழுத்தை இறுக்கி, நெற்றியோடு அதை நோக்கிப் போனார். பந்தென்றால் நேராக வந்திருக்கும். கை வளைந்து காதுக்கு மேலே விழுந்தது.

எங்கள் ஆட்கள் கோலுக்கு எழும்புவது போல எழும்பினார்கள். எழும்பியபடியே நின்றார்கள். படம் பிடித்த போன்கள் எல்லாம் உயர்த்தியபடி. மாமா கீழே கிடந்தார்.

பிறகு எழுப்பிக் கதிரையில் இருத்தினார்கள். அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு ஓடினார். மாமா என்னைப் பார்த்தார்.

"நீர் ஆற்றை பிள்ளை?"

எனக்குச் சந்தோஷம். மாமாவுக்கு ஒன்றுமில்லை. "மாதாவின்ரை" என்றேன்.

அவர் அம்மாவைப் பார்த்தார். திரும்ப என்னிடம் கேட்டார்.

"இவ ஆர்?"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார். நான் இரண்டு கையையும் உயர்த்தி, மாமா தூக்கட்டும் என்று நின்றேன்.