விபத்தே இல்லாத தோட்டம்

பதுளையில் எங்கள் தேயிலைக் கம்பனி அலுவலகத்தின் பாதுகாப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்கள் வீட்டில் பள்ளிப்படிப்பை முடித்த முதல் ஆள் நான். தோட்டத்து லயக் குடியிருப்பில் யாராவது என்ன வேலை என்று கேட்டால், விபத்துகளை எண்ணுகிற வேலை என்பேன். "எண்ணுறதுக்கெல்லாமா ஆள் வைப்பாங்க?" என்று சிரிப்பார்கள்.

ஆண்டறிக்கைக்காக, எங்கள் தோட்டங்களின் விபத்து விகிதத்தை நாட்டின் சராசரியோடு ஒப்பிடச் சொன்னார் எங்கள் பிரிவின் தலைவர். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனுஷர். அடிபட்டவர் ஒரு நாளாவது வேலைக்கு வராமல் இருந்தால்தான் அது விபத்தாகும். அந்த எண்ணிக்கையை ஆட்களின் தொகையோடு வைத்துப் பார்த்தால் விகிதம் வரும். எங்கள் தோட்டங்கள் எல்லாமே சராசரிக்குக் கீழே. ஹல்துமுல்லைப் பக்கம் நான் பிறந்த தோட்டத்தில் பூச்சியம்.

"கெட்டிக்காரத் தோட்டம் தம்பி உங்கட" என்றார் தலைவர். ஆனால் மலைப் படிகளுக்குக் கைப்பிடிக் கம்பி போடுவது விகிதம் கூடிய தோட்டங்களுக்குத்தான் முதலில். எங்களுடையது கடைசி.

அந்த ஞாயிறு வீட்டுக்குப் போனபோது அக்காவின் கணுக்கால் வீங்கிக் கிடந்தது. கொழுந்துப் பையோடு இறங்குகிற கல்படியில் மழைக்குச் சறுக்கியிருக்கிறாள். ஆனாலும் ஒரு நாள்கூட வேலைக்குப் போகாமல் இருக்கவில்லை. நொண்டிக்கொண்டே போய், விடியலில் பேர் கூப்பிடுகிற பெரட்டில் நின்றுவிட்டு, மலையில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிடுவாள். கூடப் பறிக்கிற பெண்கள் ஆளுக்கு இரண்டு பிடி கொழுந்தை அவள் பையில் போடுவார்கள். கங்காணி வேறு பக்கம் பார்த்துக்கொள்வார். அக்காவுக்கு அன்றைய பேர் விழுந்து, நாள் சம்பளம் கிடைத்துவிடும். எங்கள் மலைகளில் யாருக்கு அடிபட்டாலும் இதுதான் வழக்கம்.

"லீவு போட்டாத்தான்க்கா அது விபத்து, சராசரிக் கணக்குல வரும்" என்றேன்.

"லீவு போட்டா சோறு யாருடா போடுவா? ஒன் சராசரியா?"

பக்கத்துக் காம்பரா வீட்டிலிருந்து வந்திருந்த அக்காவின் கூட்டாளி விழுந்து விழுந்து சிரித்தாள். நான் கைப்பிடிக் கம்பி விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்தினாள்.

"அதே படியில நானும் விழுந்தேனே தம்பி. இவதான் என் பைய நெரப்புனா. அப்ப நான் விழுகவே இல்லையா?"

"கணக்குல இல்லைங்க."

"நல்ல கணக்குதான் போ!"

மறுநாள் பெரட்டில் அந்தக் கூட்டாளி எல்லாப் பெண்களிடமும் பேசிவிட்டாள். அக்காவின் பையில் யாரும் ஒரு பிடிகூடப் போடவில்லை. "ஒங்களுக்கெல்லாம் நான் எத்தன தடவ போட்டிருப்பேன்!" என்று அக்கா கத்தியிருக்கிறாள். அவளைக் கைத்தாங்கலாகத் தோட்ட மருந்தகத்துக்குக் கூட்டிப்போய், ஓய்வு எடுக்கச் சொல்லித் துண்டுச் சீட்டு வாங்கி, வீட்டில் விட்டார்கள். வீக்கம் வடியும்வரை அவளுக்குச் சோறும் பருப்பும் வீட்டுக்கு ஒருத்தியாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். போடுகிற பிடி பிடிதான், பையிலிருந்து தட்டுக்கு இடம் மட்டும் மாறியது.

எங்களுடையது சின்னத் தோட்டம். ஆட்கள் குறைவாக இருப்பதால் ஒரே ஒரு விபத்து சேர்ந்ததும் விகிதம் நாட்டின் சராசரியைத் தாண்டிவிட்டது. தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"என்ன தம்பி இது? உண்மையா நடந்ததோ?"

"விழுந்தது என் அக்கா சார்."

விழுந்தும் எண்ணப்படாதவர்களைப் பற்றியும் சொன்னேன். கண்ணாடியைத் திரும்ப மாட்டினார். "அறிக்கை பார்க்க வடிவாத்தான் இருந்தது" என்று முணுமுணுத்துவிட்டு, கம்பி வேலையில் எங்கள் தோட்டத்தை முதலில் போடச் சொன்னார்.

மழைக்காலம் முடிந்த பிறகு அக்கா போன் செய்தாள்.

"கம்பி போட்டுட்டானுங்கடா. பச்ச பெயின்ட். காயவே இல்ல, கையெல்லாம் ஒட்டுது."