குப்புறக் கிடக்கும் கல்

ரெமி இறந்துபோன செய்தியைச் சூசைதான் தச்சநல்லூரில் என் கடைக்கு வந்து சொன்னார். பிரான்சில், சொந்த ஊரில், தூக்கத்திலேயே போய்விட்டாராம். கோவில் கமிட்டிக்காரரான சூசைக்குக் கண் கலங்கியிருந்தது. நான் கருப்பட்டி நிறுத்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன்.

"அண்ணாச்சி, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கியளே?"

"என்னத்தவே சொல்ல? இருந்தப்பவும் எனக்கு அந்த ஆளப் பிடிக்கல. செத்துட்டார்னா பிடிச்சிருமா?"

அதையே கோவிலின் நினைவு மலருக்கு எழுதித் தரச் சொன்னார்கள். எழுதுகிறேன். அவரோடு பழகியவர்கள்தான் படிக்கப்போகிறீர்கள். பூசி மெழுகினால் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

பழைய கோவில்களைச் செப்பனிடுவதுதான் ஆயுள் முழுக்க அவர் வேலை. சண்டையில் குண்டு விழுந்து கூரை போன கோவில்களை வாலிபத்திலேயே எடுத்துக் கட்டியவர். பிறகு கோபுரம், வளைவு, மணிக்கூண்டு என்று அவர் தேசம் முழுக்க அலைந்திருக்கிறார். ஓய்வு பெற்றும் வீட்டில் இருப்புக்கொள்ளாமல், ஒரு பாதிரியார் அழைத்தார் என்று புன்னக்காயல் பக்கம் ஆற்று முகத்தில் இருக்கும் நம் மாதா கோவிலுக்கு வந்தார். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. உப்புக் காற்றில் சுவர் பொரிந்து கிடந்தது. அதன்மேல் எப்போதோ பூசியிருந்த சிமெண்டை வந்த வேகத்தில் கொத்தி எறியச் சொன்னார். கோவிலையே இடிக்கிறான் என்று ஊர் திரண்டு நின்றது. ஏணியிலிருந்து இறங்கவில்லை மனுசன். "சுவர் மூச்சு விடணும்" என்றார். அதுதான் அவர் கொடுத்த மொத்த விளக்கம்.

நான் உங்கள் சபைக்காரன் இல்லை. ஆனால் என் வியாபாரம் உங்கள் தெருவில்தான் தொடங்கியது. சைக்கிளில் கருப்பட்டி கட்டி வந்து கூவி விற்றவன். அதனால் சிமெண்டுக்குப் பதிலாகப் பூசவிருந்த சுண்ணாம்புச் சாந்தில் கலக்க வேண்டிய கருப்பட்டி முழுவதும் என் உபயம் என்றேன். கடையில் இருந்ததிலேயே உயர்ந்த சரக்கை நானே வேனில் ஏற்றிக்கொண்டு போனேன். ரெமி ஒன்றை உடைத்து மோந்து பார்த்தார்.

"இது காப்பிக்கு. நீ தூரப் போடுவேல்லா, கெட்டது, அதக் குடு."

அவர் கற்றுக்கொண்ட தமிழில் 'நீங்கள்' கிடையாது. பாதிரியாரும் நீ, நானும் நீ. மழையில் இளகிப் புளித்துப்போன கருப்பட்டிதான் சாந்தை இறுக்குமாம். அதை வாங்க அவரே ஒருநாள் காலை, கூட்டமான நேரத்தில், கடைக்கு வந்தார். பின்கட்டில் ஒதுக்கி வைத்திருந்த பானையில் விரலை விட்டு மோந்துவிட்டு, சந்தோஷம் தாங்காமல் கத்தினார்: "இந்தக் கடையில கெட்டது ரொம்ப நல்லாருக்கு!"

பையோடு நின்ற பெண்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். "அண்ணாச்சி, கெட்ட சரக்கு ஸ்டாக் இருக்கா?" என்று கடைத்தெரு என்னை வெகுகாலம் கேலி பண்ணியது. ஒரு வியாபாரிக்குப் பேர்தான் முதல். ரெமியிடம் போய், "பூசை முடிஞ்சதும் நம்ம கருப்பட்டி நல்ல கருப்பட்டின்னு ஒரு வார்த்த சொல்லும்" என்று கேட்டேன்.

"நான் அதத் தின்னல. எப்படிச் சொல்ல?"

போன பேரை மீட்கத்தான் கல் வெட்டினேன். டியூப்லைட் ஒன்று வாங்கிக் கொடுத்தாலே வெளிச்சம் மறைகிற அளவுக்குப் பேர் எழுதுகிறவர்கள் நாம். நான் கொடுத்தது ஒரு கோவிலுக்கான கருப்பட்டி. 'கருப்பட்டி உபயம்' என்று என் பேரும் கடைப் பேருமாக நல்ல சலவைக்கல்லில் வெட்டி, கோவிலை மறுபடி திறக்கும் மந்திரிப்பு நாளன்று காலை கொண்டுபோனேன். நான் கூவி விற்ற தெருவில் என் பேரை எல்லாரும் வாசிக்க வேண்டும். ரெமி கல்லைத் தடவிப் பார்த்தார்.

"கல் நல்ல கல். எழுத்து வேண்டாம்."

"ஏன்வே வேண்டாம்? குடுத்தவன் பேரு வேண்டாமா?"

"கட்டினவன் பேரு இங்க இல்ல. சாந்து அரைச்சவ பேரு இல்ல. உனக்கு மட்டும் எதுக்கு?"

கமிட்டி பேசி முடிக்கும் என்று நம்பிச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது என் கல் பக்கவாசலில் படியாகக் கிடந்தது, எழுத்துப் பக்கம் மண்ணுக்குள். சனம் மிதித்துக்கொண்டு போனது. கமிட்டிக்காரர்கள் வானத்தைப் பார்த்தார்கள். மந்திரிப்புக்கு நிற்காமல் வந்துவிட்டேன். அவர் ஊருக்குப் புறப்படுமுன் சொல்லிக்கொள்ளக் கடைக்கு வந்தார். கிட்டங்கியில் மூட்டைகளுக்கு நடுவே இருந்துகொண்டு, இல்லை என்று சொல்லச் சொன்னேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ மழை. சுவர் பொரியவில்லை. அதை மறுக்க நான் மடையன் இல்லை. அதற்காக அவரை மன்னிக்கவும் இல்லை.

சூசை அன்று செய்தி சொல்ல மட்டும் வரவில்லை. "ரெமி ஐயா பேர்ல முகப்புல ஒரு கல் வைக்கணும்னு கமிட்டில பேசுதாங்க அண்ணாச்சி" என்று இழுத்தார்.

"என் பேரக் குப்புறப் போட்டுட்டு, அவருக்கு மட்டும் முகப்பா? அவரே ஒத்துக்கிட மாட்டாரு. கல்லு நான் தாறேன். என் கல்லு அளவுதான், அதே சலவைக்கல்லு. பேர நல்லா ஆழமா வெட்டி, எனக்குப் பக்கத்துல குப்புறப் போடுங்க."

"பெறவு அத யாரு படிப்பா அண்ணாச்சி?"

"என் கல்ல மட்டும் யாருவே படிக்கா?"

கல் பதித்தாகிவிட்டது. அந்த மனிதரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பக்கவாசல்தான். போகும்போது என் கல்லைத் தாண்டிவிடுவேன். அவருடையதை மிதித்துத்தான் உள்ளே போகிறேன். செருப்பைக் கழற்றிவிட்டு.