அம்மாவின் ஸ்பானிஷ்

வெள்ளை லைனிங் துணியிலிருந்து கிழித்தெடுத்த ஒரு கீற்று அது. விரலளவு அகலம், முழங்கையளவு நீளம். அதில் நீலப் பேனையால், தமிழ் எழுத்தில், ‘தோந்தே எஸ்தா லா ப்லாயா’ என்று எழுதியிருக்கிறது. எழுதியது நான்தான், பதினாறு வயதில். சென்ற மாசியில் குடும்பத்தோடு விடுமுறைக்குப் புறப்படப் பெட்டி அடுக்கும்போது, மகளின் நீச்சலுடையில் பட்டி விட்டுப்போயிருந்தது. அதைத் தைக்க அம்மாவின் நூல் டப்பாவைத் திறந்தேன். ஊசிகளுக்கும் பொத்தான்களுக்கும் அடியில் இதைச் சுருட்டி வைத்திருந்தார். ‘கடற்கரை எங்கே இருக்கிறது?’ என்பது அதன் பொருள். மொன்றியலில் ஒரு தையல் ஃபக்டரியில் வருடக்கணக்காகக் குனிந்திருந்த யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு இந்தக் கேள்வியால் என்ன பயன் என்று கேட்டால், ஒரு பயனும் இல்லை. ஆனாலும் அம்மா ஸ்பானிஷ் பேசத் தொடங்கியது இதிலிருந்துதான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் ஒரு பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் உயர்நிலை நாலாம் வகுப்புக்குப் போகவிருந்தேன். அந்த வருடம் ஒரு பாடத்தை நாங்களே தெரிவு செய்யலாம் என்றார்கள். அப்பா கொம்பியூட்டர் என்றார். தமிழ் அப்பாமார் வேறு எதைச் சொல்வார்கள்? அதுவரை என் படிப்பு விஷயத்தில் வாயே திறக்காத அம்மா, சோற்றுக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, “அவள் ஸ்பானிஷ் எடுக்கட்டும்” என்றார்.

“ஸ்பானிஷ் படிச்சு என்ன செய்யப் போறாள்?” என்று அப்பா கேட்டார்.

“எனக்குச் சொல்லித் தரட்டும். நான் பக்கத்து மெசின்காரியோட கதைக்க வேணும்.”

பக்கத்து மெசின்காரி எல் சல்வடோர் நாட்டுக்காரி. அம்மா அவரைச் ‘செஞோரா’ என்பார். அது பெயரல்ல, நாங்கள் ‘அம்மா’ என்று மரியாதைக்குக் கூப்பிடுவது போன்ற ஒரு சொல் என்பது வகுப்புக்குப் போன பிறகுதான் எனக்கே தெரிந்தது. இரண்டு பேரும் தோளோடு தோள் இடிபட இருந்து கோட்டுகளுக்கு லைனிங் தைத்தார்கள். அம்மாவின் பிரெஞ்சு ‘போன்ஜூர்’, ‘மெர்சி’ என்பதோடு முடிந்தது. செஞோராவின் பிரெஞ்சும் அதே அளவுதான். ஆகவே அவர்கள் கையால் பேசினார்கள். அம்மா புட்டைக் கொடுத்தார், அவர் சோள ரொட்டியைக் கொடுத்தார். ஒருநாள் செஞோரா தன் பணப்பையிலிருந்து ஓர் இளைஞனின் படத்தை எடுத்துக் காட்டி, உள்ளங்கையை விரித்து ஊதிக் காட்டினாராம். “அந்த மனிசியின்ர தம்பியாம். ஆள் இல்லை. எங்கயெண்டும் தெரியாதாம்” என்று அம்மா வந்து சொன்னார். கையிலிருந்து இவ்வளவையும் விளங்கிக்கொண்டவர், அதற்கு மேல் ஒன்றையும் கேட்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு ஸ்பானிஷ் வகுப்பு பிடித்துப்போனதற்குக் காரணம் ஸ்பானிஷ் அல்ல. நான் பத்து வயதில் வந்து இறங்கியவள். பிரெஞ்சில் எவ்வளவு ஓடினாலும், பிறந்ததிலிருந்தே அதைப் பேசிய பிள்ளைகளுக்குப் பின்னால்தான் நின்றேன். என் கட்டுரைகள் சிவப்பு மையில் குளித்துவிட்டுத் திரும்பி வரும். ஸ்பானிஷில் முதல் நாள் எல்லோருக்கும் பூச்சியம். வகுப்பில் எப்போதும் முதலாவதாக வருகிறவளும் நானும் ‘என் பெயர்’ என்று சொல்ல ஒன்றாகத் தடுமாறினோம். அந்தச் சந்தோசத்தை என்னவென்று சொல்ல! போதாததற்கு, அவர்கள் தொண்டைக்குள் வைத்து உரசிய ‘ர’ எனக்கு நாக்கு நுனியில் தானாக உருண்டது. ஆசிரியை என்னை எழுப்பி வாசிக்கச் சொல்வார். அவர் ஒவ்வொரு மாசியிலும் எங்கோ வெயிலில் கிடந்து கறுத்துத் திரும்பும் கியூபெக் மாகாணத்துக்காரி. எங்கள் பாடப்புத்தகமும் அவருக்காகவே எழுதப்பட்டது போலத்தான் இருந்தது. அட்டையில் கடற்கரை, உள்ளே ஹோட்டல், விமான நிலையம், சாப்பாட்டுக்கடை, காலநிலை. அதில் ஒருவரும் வேலைக்குப் போகவில்லை, ஒருவருக்கும் காய்ச்சல் வரவில்லை. சாவு என்ற பேச்சே இல்லை.

“இண்டைக்கு என்ன படிப்பிச்சவ?” என்று அம்மா அடுப்படியில் நின்றபடி கேட்பார். சொன்னால் போதாது, எழுதிக் கொடுக்க வேண்டும். அதுவும் கடதாசியில் ஆகாது. மெசினடியில் கடதாசியைக் கண்டால் மேற்பார்வைக்காரி கத்துவாள். அதனால் லைனிங் கழிவில் ஒரு கீற்றைக் கொண்டுவந்து தருவார். நான் தமிழில் எழுதிக் கொடுக்க, அதை மெசின் ஓரத்தில் குண்டூசியால் குத்தி வைப்பார். துணியோடு துணியாய்ப் போய்விடும். முதல் நாள் கொண்டுபோனது இந்தக் கடற்கரைக் கேள்விதான். “அந்த மனிசி சிரிச்ச சிரிப்பில மெசினையே நிப்பாட்டிப் போட்டுது. பிறகு யன்னலைத் திறந்து காட்டிச்சு. அங்க வாகனம் நிப்பாட்டிற இடத்தில குளம் மாதிரி மழைத்தண்ணி” என்று சொல்லும்போதே அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. அதன்பின் ஹோட்டல் ஸ்பானிஷையே தங்களுக்கு ஏற்றபடி வளைத்துக்கொண்டார்கள். நூல் முடிந்தால் ‘அறை காலியில்லை’. மேற்பார்வைக்காரி வந்தால் ‘வானம் மூடிக்கொண்டிருக்கிறது’. மேற்பார்வைக்காரிக்குக் கடைசிவரை அது தெரியாது.

அந்த ஐப்பசியில்தான், இராணுவம் நெருங்கிவர, யாழ்ப்பாணத்துச் சனம் முழுவதும் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டது. சின்ன மாமா, அம்மாவின் தம்பி, அந்தச் சனத்தோடு சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்ததைக் கண்டவர்கள் இருந்தார்கள். ஊர் எல்லைப் பாலத்தைத் தாண்டிய பிறகு கண்டவர்கள் இல்லை. கடிதம் வரும், கொழும்பிலிருந்து யாராவது போன் எடுப்பார்கள் என்று காத்திருந்ததில் ஒரு வருடம் போய்விட்டது.

அடுத்த ஐப்பசியில் பெரிய மாமா வந்தார். அம்மாவுக்கும் சின்ன மாமாவுக்கும் மூத்தவர், எங்களுக்கெல்லாம் முன்னால் வந்து, மொன்றியலின் புறநகரான டொலார்டில் வீடு வாங்கியவர். சத்தம் போட்டுப் பேசாத மனிதர். அன்று கோட்டைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார்.

“தங்கச்சி, அவனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்து போடுவம். கனவில வந்து தண்ணி கேக்கிறான்.”

“உயிரோட இருக்கிறவனும் தண்ணி கேப்பான் அண்ணை” என்றார் அம்மா.

“செய்யாமல் விட்டா அந்தப் பாவம் எங்களுக்குத்தான். நீ ஓமெண்டாமல் நான் செய்யமாட்டன். ஆனா எனக்கு நித்திரை இல்லை, சொல்லிப்போட்டன்.”

அம்மா ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. ஞாயிறுதோறும் பெரிய மாமா வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். திவசம் செய்தால் தம்பியைத் தானே சாகக் கொடுத்ததாகிவிடும் என்று அம்மா பயந்தார். செய்யாவிட்டால் அவன் எங்கோ தாகத்தோடு அலைவான் என்றும் பயந்தார். கோயிலுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் “வந்திடுவான்” என்றார்கள், மீதிப் பேர் “மனதைத் தேற்று” என்றார்கள். இரண்டு பகுதியிலும் இப்படிக் காணாமல் போன ஒருவருக்காகக் காத்திருந்து பார்த்தவர் ஒருவரும் இல்லை. கடைசியில் ஓர் இரவு, கோப்பை கழுவிக்கொண்டிருந்தவர் திரும்பாமலே சொன்னார்: “செஞோராவிட்டக் கேக்க வேணும். தம்பிக்குச் செத்த பூசை செய்தவாவோ எண்டு. எழுதித் தா.”

என்னால் எழுத முடியவில்லை. ஒன்றரை வருடம் படித்திருந்தேன். கடல் தெரிகிற அறை கேட்கத் தெரியும், மீனைப் பொரித்துத் தரச் சொல்லத் தெரியும். மறுநாள் வகுப்பு முடிந்ததும் ஆசிரியையிடம் போனேன். அவர், “இது இந்தப் பாடத்தில் இல்லையே” என்று சிரித்தார். யாருக்காக என்று சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டு நாற்காலியில் அமர்ந்தார். ஒரு வசனத்தை எழுதி, அது மரியாதை போதாது என்று வெட்டி, மறுபடி எழுதித் தந்தார். வீட்டுக்கு வந்து துணியில் எழுதினேன். ‘லே ஈஸோ லா மீஸா?’ அவருக்குப் பூசை செய்தீர்களா? அம்மா அதை மெசினில் குத்தவில்லை. சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

அன்று பின்னேரம் அவர் வந்த கோலத்தை இப்போதும் காண்கிறேன். செஞோரா சொன்ன பதில் அவருக்கு விளங்கவில்லை. அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லவைத்து, வெறும் ஓசையாக வாயில் ஏந்திக்கொண்டு, பஸ்ஸிலும் மெட்ரோவிலும் முணுமுணுத்தபடி வந்திருக்கிறார். தெருமுனைச் சில்லறைக் கடைக்காரர் “போன்சுவார்” சொன்னதற்குப் பதில்கூடச் சொல்லவில்லையாம், ஒரு பிரெஞ்சுச் சொல் உள்ளே வந்தால் இது சிந்திவிடும் என்ற பயத்தில். சப்பாத்தைக் கழற்றாமல் கால்மிதியில் நின்றபடியே ஒப்பித்தார்:

“ஈஸே லா மீஸா. பேரோ தொதவீயா லே போங்கோ எல் ப்லாத்தோ.”

முதல் பாதி உடனே விளங்கியது. ‘தொதவீயா’ தெரியாது. அகராதியைப் புரட்டினேன். அம்மாவின் சப்பாத்துப் பனி உருகி மரத்தரையில் ஓடியது. “பூசை செய்தனான். ஆனா இன்னும் அவனுக்குக் கோப்பை வைக்கிறனான்” என்றேன். சாப்பிடும் தட்டைத்தான் நாங்கள் கோப்பை என்போம்.

அம்மா அப்படியே தரையில் இருந்துவிட்டார். பிறகு, “அப்ப ரெண்டும் செய்யலாம்” என்றார். என்னிடம் சொல்லவில்லை. எழும்பிப் போய்ப் பெரிய மாமாவுக்குப் போன் எடுத்தார்.

திவசம் டொலார்டில், பெரிய மாமா வீட்டுக் கராஜில் நடந்தது. வீட்டுக்குள் செய்தால் புகைக்கு அலாரம் அடித்துவிடும் என்று காரை வெளியே விட்டுவிட்டு, பனி அள்ளும் சவளுக்கும் டயர்களுக்கும் நடுவே ஐயரை இருத்தினார்கள். கோட்டோடு நின்று கும்பிட்டோம். பெரிய மாமா தர்ப்பை மோதிரத்தோடு எள்ளும் தண்ணீரும் இறைக்கும்போது விம்மி விம்மி அழுதார். அம்மா அழவில்லை. அண்ணனின் முதுகைத் தடவிக்கொண்டு நின்றார்.

மாசியில் சின்ன மாமாவின் பிறந்தநாள் வந்தது. அன்று இரவு மேசையில் அம்மா ஒரு கோப்பை கூடுதலாக வைத்தார். நான் சோற்றை எடுக்கப் போக, கையைப் பிடித்தார். “சோறு போட்டா அது படையல். வெறுங்கோப்பை எண்டா வாற ஆளுக்கு.” அப்பா எழும்பி அடுப்படிக்குப் போனார். ஒரு கிளாசில் தண்ணீர் கொண்டுவந்து அதன் பக்கத்தில் வைத்துவிட்டுச் சாப்பிட இருந்தார். அதன்பின் ஒவ்வொரு மாசியிலும் அப்படித்தான்.

செஞோராவை நான் ஒரேயொரு முறை பார்த்தேன், அம்மா மறந்துபோன வீட்டுத் திறப்பைக் கொடுக்க ஃபக்டரி வாசலுக்குப் போனபோது. நான் நினைத்திருந்ததைவிடக் குள்ளமான மனிசி. தலைமயிரில் நூல் துணுக்குகள். என் கன்னங்களை இரண்டு கையாலும் பிடித்து, “ப்ரொஃபெஸோரா” என்றார். எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. நான் படித்துவைத்திருந்த ஸ்பானிஷ் எல்லாம் அந்த நேரம் பார்த்து ஓடிவிட, ஹோட்டலில் சொல்வது போல ‘மிக்க நன்றி’ என்று மட்டும் சொன்னேன். பிறகு ஃபக்டரியை மூடினார்கள். அவர் மகளோடு மேற்கே போய்விட்டார். இரண்டொரு முறை போனில் பேசிப் பார்த்தார்கள். போனில் கையைக் காட்ட முடியாது. அது நின்றுபோயிற்று.

இப்போது அம்மா எங்களோடு, மொன்றியலுக்குப் பக்கத்தில் புரோசார்டில் இருக்கிறார். என் மகள் ஸ்பானிஷைத் தன் போனில் ஒரு செயலியில் படிக்கிறாள், அதில் வரும் பச்சைப் பறவையைச் சந்தோசப்படுத்த. அந்தத் துணிக் கீற்றைக் கண்டதும், “அம்மம்மா, இது டமிலா, எஸ்பஞோலா?” என்று கேட்டாள். “ரெண்டுந்தான்” என்று அம்மா வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

அம்மாவையும் கூட்டிக்கொண்டு நாங்கள் விடுமுறைக்குப் போனது ஸ்பானிஷ் பேசும் ஒரு கடலோர ஊர். கடற்கரை எங்கே என்று அந்த ஹோட்டலில் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. சாப்பாட்டு மண்டபத்தின் யன்னலைத் திறந்தால் கடல். சின்ன மாமாவின் பிறந்தநாள் அந்த வாரத்தில் விழுந்ததை நான் மறந்தே போயிருந்தேன். கணவரும் மகளும் நானும் நிறைத்த தட்டுகளோடு மேசைக்கு வந்தபோது, அம்மா தன் தட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு வெறுந்தட்டை எடுத்து வைத்திருந்தார். தண்ணீர்ச் சாடியோடு வந்த பரிசாரகர் அதைப் பார்த்து, இன்னும் யாராவது வர வேண்டுமா என்று ஸ்பானிஷில் கேட்டார். மகள் அவசரமாக ஆங்கிலத்தில் ஏதோ விளக்கத் தொடங்கினாள். அம்மா அவளை நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“ஸீ. தொதவீயா நோ.”

ஓம். இன்னும் வரேல்லை.

அவர் தலையை ஆட்டி, ஐந்தாவது கிளாசை நிமிர்த்தி, அதிலும் தண்ணீர் நிரப்பிவிட்டுப் போனார்.