அம்மா பாடிய சோப்புப் பாட்டு

மலேசியாவின் பாரோயில் கல்யாண விருந்து. பேத்தி ஆடிய பாட்டு எனக்குத் தெரிந்ததுதான். என் சின்ன வயதில் எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு வந்த ஒலிபெருக்கி வேன் பாடிய சோப்பு விளம்பரம், இன்று சினிமாப் பாட்டாக மாறி வந்திருக்கிறது.

வெள்ளைக்காரப் பட்டாளம் காட்டில் கம்யூனிஸ்டுகளைத் தேடிய அவசரகாலத்தில், பால்மரக் காட்டில் சத்தமில்லாமல் அசைந்தால் பட்டாளம் சுட்டுவிடும் என்று பயம். அதனால் பாலுக்காக மரப்பட்டையைக் கீறி மரம் வெட்டும்போது அம்மா அதை உரக்கப் பாடுவாள்.

"வெக்கமா இல்லையாம்மா?"

"உசுரு இருந்தாத்தானே லா வெக்கம்!"

ஒரு காலையில் அம்மா முதல் வரியைப் பாடியதும் அடுத்த வரி புதருக்குள்ளிருந்து சீட்டியாக வந்தது. யாரென்று தெரியவில்லை. அம்மா ஓடவில்லை. கத்தியை மரத்திலிருந்து எடுக்காமலே மூன்றாவது வரியைப் பாடினாள். பூட்ஸ் சத்தம் விலகிப் போனது.

"புதுப் பாட்டு லா பாட்டி, உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள், நான் கூடவே முணுமுணுப்பதைக் கேட்ட பேத்தி.

மூன்றாவது வரி வந்தது. உரக்கப் பாடினேன்.