வெண்டிலேட்டரில் அடைத்த துணி

தெருவில் எல்லோருக்கும் அவள் டெய்லரக்கா. இரண்டாம் மாடியில் இரண்டு அறை வீடு. ஜன்னலோரம் தையல் மிஷின், அதன் அருகே அடுத்தவர்களின் துணிமணி மலைபோல். புதுத்துணி தைப்பது குறைவு. பேண்ட் இடுப்பைப் பிடிப்பது, விடுவது, ஜிப் மாற்றுவது, கோட்டுக்குள் கிழிந்த லைனிங்கை மாற்றுவது, இதுதான் வேலை. "கல்யாணத்துக்கு முன்னாடி பிடிங்கன்னு வர்றாங்க, ஆறு மாசம் கழிச்சு விடுங்கன்னு வர்றாங்க. ஒரே பேண்ட்டு, எனக்கு ரெண்டு வேலை" என்று சிரிப்பாள்.

எதையும் தாங்குவாள், குளிரைத் தவிர. அவள் கணவருக்கு அந்தத் தொல்லையே இல்லை. ரொட்டிக்கடையில் அடுப்பு முன்னால் நிற்கிற மனிதர். "நாள் முழுக்க வெந்துட்டுதானே வர்றேன், எனக்கு எதுக்கு வெந்நீர்?" என்பார். பச்சைத் தண்ணீரில் இரண்டே நிமிடத்தில் குளித்துவிட்டு வந்துவிடுவார். குளியலறைச் சுவரில் மாட்டியிருந்த கேஸ் ஹீட்டர் அவளுக்காகவே வாங்கியது.

அந்த வருடம் குளிர் கொஞ்சம் முந்திக்கொண்டது. குளியலறையின் மேல்சுவரில் சின்னதாக ஒரு வெண்டிலேட்டர். அது வழியாக வந்த காற்று, ஈர முதுகில் ஊசியாய்க் குத்தியது. துணிக்கா அந்த வீட்டில் பஞ்சம்? மிச்சம் விழுந்த கம்பளித் துண்டுகளைச் சுருட்டி, ஸ்டூல் போட்டு ஏறி, இடைவெளி விடாமல் அடைத்துவிட்டாள். கதவடியில் ஒரு பட்டியும் தைத்து ஒட்டினாள். அன்று குளித்து வந்தபோது, தான் செய்த வேலையிலேயே இதுதான் கச்சிதம் என்று தோன்றியது.

பிறகு கொஞ்ச நாளாகவே குளித்து முடித்தால் தலை கனத்தது. வயிற்றைப் புரட்டியது. ஊசியில் நூல் கோக்கும்போது கண் மங்கியது. வயசாகுது, கண்ணாடியை மாற்றணும் என்று நினைத்துக்கொண்டாள். மாற்றவும் செய்தாள். ஹீட்டரில் நீலமாக எரிகிற ஜ்வாலை மஞ்சளாக எரிவதைப் பார்த்தாள். எரியுதே, அது போதும் என்று விட்டுவிட்டாள்.

லாரி ஓட்டுகிற கொழுந்தன் ஒருநாள் காலை வந்து இறங்கினான். மூன்று நாள் தூசியோடு வந்தவன் காபியைக்கூடத் தொடவில்லை.

"அண்ணி, முதல்ல குளியல். அப்புறம்தான் மனுஷன் மாதிரி பேச முடியும்."

"போங்க தம்பி. தண்ணிய மொத்தமா காலி பண்ணிடாதீங்க."

அவன் குளிக்கப் போனால் பாட்டு இல்லாமல் இருக்காது. சுருதியும் இருக்காது. அவள் மிஷினை மிதித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். சட்டைக்கு ஒரு கை தைத்து முடித்து நூலை அறுத்தபோதுதான் கவனித்தாள். தண்ணீர் விழும் சத்தம் இருக்கிறது, பாட்டு இல்லை.

"தம்பி!" பதில் வரவில்லை. கதவைத் தட்டினாள். "தம்பி, ஒரு குரல் குடுங்க!"

உள்ளே வாளி உருளும் சத்தம் மட்டும் வந்தது. உள்தாழ்ப்பாள் சின்னக் கொக்கி. மேஜைமேல் கிடந்த இரும்பு ஸ்கேலைக் கதவு இடுக்கில் விட்டு நெம்பினாள். மூன்றாம் முறை கொக்கி விடுபட்டது. நீராவி முகத்தில் அடித்தது. கேஸ் நாற்றம் கொஞ்சம்கூட இல்லை. கொழுந்தன் இடுப்புத் துண்டோடு சுவரில் சாய்ந்து சரிந்து கிடந்தான்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் ஹீட்டரின் கேஸைத் திருகி அடைத்தாள். அவன் அக்குளில் கைகொடுத்து இழுத்தாள். அந்த ஆறடி உடம்பு எப்படி நகர்ந்தது என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. பின்பக்க பால்கனியில் கிடத்திவிட்டுக் கீழ்வீட்டு வாட்ச் ரிப்பேர்க்காரரைக் கூவி அழைத்தாள். அவர் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துகொண்டிருக்க, இவள் வீட்டு ஜன்னல்களையெல்லாம் திறந்தாள். கடைசியாக ஸ்டூலில் ஏறி அந்தக் கம்பளிச் சுருளைப் பிடுங்கித் துணிமூட்டைக்குள் எறிந்தாள். அதை யாரும் பார்க்கவில்லை.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவன் கண்ணைத் திறந்து வாந்தி எடுத்தான். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். "கார்பன் மோனாக்சைடு. அதுக்கு வாசனையே கிடையாது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா காப்பாத்தியிருக்க முடியாது" என்றார் டாக்டர். இரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மறுநாள் ஹீட்டர் மெக்கானிக் வந்தார். மூடியைக் கழற்றிப் பார்த்தார், அண்ணாந்து பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

"வெண்டிலேட்டர் திறந்துதானே இருக்கு? அப்போ மிஷின்லதான் கோளாறு. புதுசு மாட்டிடலாம்."

கணவர் தலையாட்டினார். கொழுந்தன் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் விஷயம் அத்தோடு முடிந்துவிடும்.

"திறந்து இல்லை. நான் துணி வெச்சு அடைச்சிருந்தேன். அன்னிக்குத்தான் பிடுங்கிப் போட்டேன்."

கணவர் முகம் ஒரு கணம் இறுகியது. மெக்கானிக்தான் முதலில் பேசினார்.

"நல்லவேளை சொன்னீங்க. இல்லன்னா இதே இடத்துல புதுசை மாட்டிட்டுப் போயிருப்பேன், நீங்களும் அடுத்த குளிருக்கு மறுபடி அடைச்சிருப்பீங்க. ஆனா துணி மட்டும் காரணம் இல்லம்மா. எரியுறதுக்குக் காத்து வேணும், எரிஞ்ச புகை வெளியே போக குழாய் வேணும். இங்க குழாயே போடலை, வெண்டிலேட்டர் திறந்திருக்குன்னு நானும் அதைப் பெருசா எடுத்துக்கலை. குளிக்கிற ரூமுக்குள்ள இதை மாட்டினவனைச் சொல்லணும்."

அவள் கொழுந்தனைப் பார்த்தாள். "தம்பி, குளிச்சா எனக்கும் தினம் தலை வலிச்சது, வயசுன்னு விட்டுட்டேன். உங்களைக் கொல்லப் பார்த்துட்டேன்."

"அட போங்க அண்ணி. தலைவலியோட தினமும் அதுக்குள்ள குளிச்சது யாரு? நானா? நீங்க போயிருந்தா என் பேண்ட்டையெல்லாம் யாரு பிடிச்சுத் தர்றது?" என்றான். சிரிக்க முயன்றவளுக்குக் கண்தான் நிறைந்தது. கணவர் எழுந்து போய் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் கோபம் அதோடு சரி.

புது ஹீட்டர் திறந்த பால்கனிச் சுவருக்குப் போனது. வெந்நீர் மட்டும் குழாய் வழியே உள்ளே வந்தது. வருடம் ஒருமுறை கழுவிச் சுத்தம் செய்யவேண்டும், ஜ்வாலை மஞ்சளானால் அணைத்துவிட்டு உடனே கூப்பிடவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார் மெக்கானிக்.

அந்த வாரம் தபால்காரம்மா யூனிஃபார்ம் கையைச் சுருக்க வந்தாள். அளவெடுக்கும்போது, குளிர் ஆரம்பித்ததிலிருந்து காலையில் ஒரே தலைவலி என்றாள்.

டெய்லரக்காவின் கை நின்றது. "உங்க வீட்டு ஹீட்டர் எங்க இருக்கு?"

"பாத்ரூம்லதான். ஏன்?"

நடந்ததை எதையும் மறைக்காமல் சொன்னாள். முதல்முறை அயலாரிடம் சொல்வது கஷ்டமாகத்தான் இருந்தது. சொல்லி முடித்ததும் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து மேஜையில் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

"வாங்க, நேர்ல பார்த்துட்டு வந்துடலாம். கை அப்புறம் சுருக்கலாம்."